நிற்கிற கப்பலுக்கும் சம்பளம்



சொகுசு யாட்டைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பது இன்றைய தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம், தவறில்லை. இந்த அரங்கில் உள்ள யாருக்கும் அந்தக் கவலை வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கப்பல்களின் இன்ஜின் ரூமிலும் டெக்கிலும் சமையலறையிலும் வேலைக்குப் போகும் வாய்ப்பு, கடல்சார் படிப்பை முடித்துவிட்டு முதல் கப்பலுக்காகக் காத்திருக்கும் உங்களில் சிலருக்கு உண்டு. மேலே படுத்திருப்பவர் கப்பலுக்குச் சொந்தக்காரரா, ஒரு வாரத்துக்குப் பணம் கட்டி வந்தவரா என்பது, கீழே வேலை செய்பவரின் சம்பளம் வரைக்கும் இறங்கி வரும் விஷயம். அதனால் பணக்காரர்களின் கணக்கை நாமும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம்.

நான் சரக்குக் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். சரக்குக் கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். யாட் உலகம் இதற்கு நேர் எதிர். அங்கே நிற்பதுதான் வழக்கம், ஓடுவது எப்போதாவது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஓனாசிஸிடமிருந்து ஆரம்பிக்கிறேன். நம் கேள்விக்குச் சொல்லக்கூடிய எல்லாப் பதில்களும் அவருடைய ஒரே கப்பலில் நடந்து முடிந்திருக்கின்றன. 1943-இல் கனடாவில் கட்டிய போர்க்கப்பல் அது, பெயர் ஸ்டார்மண்ட். அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது. போர் முடிந்ததும் பழைய இரும்பாகிவிட்டது. 1954-இல் கிரேக்கக் கப்பல் முதலாளி அரிஸ்டாட்டில் ஓனாசிஸ் அதை 34,000 டாலருக்கு வாங்கினார். ஜெர்மனியில் கீல் நகரத்துக் கப்பல் பட்டறையில் கொண்டுபோய் விட்டு, சுமார் 40 லட்சம் டாலர் செலவழித்து யாட்டாக மாற்றினார். வாங்கிய விலையைப் போல நூறு மடங்குக்கு மேல்! மகளின் பெயரையே சூட்டினார்: கிறிஸ்டினா. கிட்டத்தட்ட 99 மீட்டர் நீளம். நீச்சல் குளத்தின் அடித்தளத்தில் மொசைக் ஓவியம். குளத்து நீரை வடித்துவிட்டு அந்தத் தளத்தை மேலே உயர்த்தினால் அதுவே நடன மேடை. வின்ஸ்டன் சர்ச்சில் விருந்தாளியாக வந்தார். பாடகி மரியா காலஸ் வந்தார். 1968-இல் ஜாக்குலின் கென்னடியை ஓனாசிஸ் மணந்தபோது வரவேற்பும் அதிலேயே நடந்தது.

1975-இல் ஓனாசிஸ் இறந்தார். அவர் எழுதிவைத்த உயிலில் இந்த யாட்டைப் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. மனைவியும் மகளும் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். பராமரிப்புச் செலவு தாங்காது என்று நினைத்தால் கிரேக்க அரசுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய டேங்கர் கப்பல் படையையே வைத்திருந்த மனிதர். கப்பல் செலவு அவருக்குத் தெரிந்ததுபோல யாருக்குத் தெரியும்? தன் சொத்துகளுக்கு உயில் எழுதும்போது, இந்தக் கப்பலிலிருந்து தப்பிக்க ஒரு வழியும் சேர்த்து எழுதிவைத்தார். மகள் அந்த வழியைத்தான் எடுத்தார். 1978-இல் கப்பல் அரசிடம் போனது. அரசு ஆர்கோ என்று பெயரை மாற்றி, குடியரசுத் தலைவரின் யாட்டாக வைத்துக்கொண்டது. ஆனால் அதிகம் ஓட்டவில்லை. துறைமுகத்தில் கட்டிக்கிடந்தே பாழானது. 1998-இல் ஜான் பால் பாபநிகோலாவ் என்ற கிரேக்கக் கப்பல் முதலாளி வாங்கி, பழைய பெயரோடு ஓ என்ற ஓர் எழுத்தைச் சேர்த்து, 2001-க்குள் புதுப்பித்து வாடகைக்கு விட்டார். இன்றைக்குக் கையில் பணம் இருக்கிற யாரும் ஓனாசிஸ் படுத்த அறையில் ஒரு வாரம் படுத்துவிட்டு வரலாம். 2022-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய டிரையாங்கிள் ஆஃப் சாட்னெஸ் படத்தின் கப்பல் காட்சிகள் பலவும் அதில் எடுக்கப்பட்டவைதான்.

ஆளே இல்லாத கப்பலில் அப்படி என்ன செலவு என்று கேட்பீர்கள். ஐம்பது மீட்டர் யாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விருந்தினர் அதிகபட்சம் 12 பேர். பணக்காரருக்குப் பதின்மூன்றாவது நண்பர் இல்லாமலில்லை. பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி அது பயணிகள் கப்பலாகிவிடும். தீத்தடுப்பு, உயிர்காப்புப் படகு என்று கட்டுமானமே வேறு மாதிரி இருக்க வேண்டும். அதனால் உலகெங்கும் பெரும்பாலான யாட்டுகள் அந்த எண்ணிக்கையோடு நின்றுகொள்கின்றன. அந்தப் பன்னிரண்டு பேரைக் கவனிக்க ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் ஊழியர்கள். கேப்டன், மேட், இன்ஜினியர்கள், போசன், டெக் ஆட்கள், சமையல்காரர், அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டஸ்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டு முழுக்கச் சம்பளம். முதலாளி மூன்று வாரம் வருகிறாரா, முப்பது வாரம் வருகிறாரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல கேப்டனையும் நல்ல சீஃப் இன்ஜினியரையும் சீசனுக்கு மட்டும் கூப்பிட்டால் வரமாட்டார்கள். வேறு கப்பலுக்குப் போய்விடுவார்கள்.

நின்றாலும் ஜெனரேட்டர் ஓட வேண்டும், அல்லது கரையிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டும். மத்தியதரைக் கடல் வெயிலில் ஏசியை அணைத்தால் உள்ளே இருக்கும் மரமும் துணியும் ஓவியமும் ஈரத்தில் வீணாகிவிடும். உப்புக் காற்று ஒருநாளும் விடுமுறை எடுப்பதில்லை. பெயின்ட் விஷயம் தனிக் கதை. சரக்குக் கப்பலில் நாங்கள் துருவைத் தட்டி, ரோலரால் ஒரு பூச்சுப் பூசிவிட்டுப் போவோம். யாட்டில் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். அதற்காக உலோகத்தின் மேல் பூச்சுக்கலவையைத் தடவித் தடவி, தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்வார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுக் கப்பலையும் கூடாரம் போட்டு மூடி, மறுபடி பூச வேண்டும். அதற்கென்றே பிரான்சில் லா சியோட்டா, ஸ்பெயினில் பால்மா, இத்தாலியில் லா ஸ்பேசியா போன்ற இடங்களில் பட்டறைகள் குளிர்காலம் முழுக்க நிறைந்திருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கிளாஸ் சர்வே வேறு. டிரை டாக்கில் ஏற்றி, புரொப்பல்லர் ஷாஃப்டை உருவி, வால்வுகளைக் கழற்றிப் பார்ப்பார்கள். சர்வேயர் வருவதற்குமுன் முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நம் ஊர்ச் சரக்குக் கப்பல் முதலாளிக்கும் மொனாகோக் கோடீஸ்வரருக்கும் அந்த நேரத்தில் முகம் ஒன்றுதான்.

கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் கரீபியன். இரண்டு சீசனையும் பிடிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு இரண்டு முறை அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். சொந்த இன்ஜினில் போகலாம். அல்லது யாட்டுகளையே சரக்காக ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலில் ஏற்றி அனுப்பலாம். எப்படிப் போனாலும் முதலாளி அதில் போகமாட்டார். விமானத்தில் போய் அங்கே ஏறிக்கொள்வார்.

கப்பலின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவு என்று தரகர்கள் ஒரு வாய்பாடு சொல்வார்கள். பழைய கப்பலுக்கு இது பொருந்தாது. விலை குறையக் குறையப் பழுது கூடும், விழுக்காடும் ஏறும். இருந்தாலும் மனக்கணக்குக்கு அதையே வைத்துக்கொள்கிறேன்.

இனி வாடகைப் பக்கம். மத்தியதரைக் கடலில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் மைபா படிவத்தில் எழுதப்படுகின்றன. அந்தக் கடலின் யாட் தரகர்கள் 1984-இல் சேர்ந்து அமைத்த சங்கம் அது. வாடகை வாரக் கணக்கில். ஜூலை, ஆகஸ்டில் ஐம்பது மீட்டர் யாட்டுக்கு வாரம் 2 லட்சம் யூரோவும் அதற்கு மேலும் கேட்பார்கள். கையெழுத்துப் போடும்போது பாதி, ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்பு மீதி. இத்தோடு முடிந்தது என்று நினைத்து ஏறுகிறவர்களுக்குத்தான் அடுத்த செய்தி.

நம் ஊர்க் கல்யாண மண்டபம் உங்களுக்குத் தெரியும். வாடகை ஒரு தொகை சொல்வார்கள். கரண்ட் பில் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, சுத்தம் செய்யத் தனி, சாவியைத் திருப்பித் தரும்போது வாட்ச்மேனுக்குத் தனி. யாட்டிலும் அச்சு அசல் அதேதான். வாரம் 2 லட்சம் என்பது கப்பலுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் இன்ஷூரன்சுக்கும் மட்டும். டீசல், சாப்பாடு, மது, துறைமுகக் கட்டணம், பூ அலங்காரம் எல்லாம் வாடகைக்கு எடுத்தவர் தலையில். அதற்காக வாடகையில் சுமார் 30 சதவீதத்தை, சில சமயம் 40 வரைக்கும், முன்கூட்டியே கேப்டன் கையில் கொடுத்துவிட வேண்டும். கேப்டன் கணக்கு எழுதி, மிச்சம் இருந்தால் திருப்பித் தருவார், போதவில்லை என்றால் நடுக்கடலில் இன்னும் கேட்பார். அதற்கு மேல் எந்த நாட்டில் ஏறுகிறோமோ அந்த நாட்டு வரி. கடைசி நாளில் ஊழியர்களுக்கு டிப்ஸ்: ஐரோப்பாவில் வாடகையில் 5 முதல் 15 சதவீதம், அமெரிக்க வழக்கத்தில் அதைவிடக் கூடுதல்.

முன்பணம் ஏன் கரைகிறது என்பதில் ஒரு இன்ஜினியராகக் கொஞ்சம் நின்று பேச ஆசை. கப்பலின் வேகத்தைக் கூட்டினால் இன்ஜின் தர வேண்டிய சக்தி ஏறக்குறைய வேகத்தின் முப்படியாக ஏறும். 12 நாட் (knot) வேகத்தில் போகும் யாட்டை 16 நாட் வேகத்துக்குத் தள்ளினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மணிக்கு எரியும் டீசலோ இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுகிறோமே என்றால், அதைக் கழித்த பிறகும் ஒவ்வொரு மைலுக்கும் முக்கால் மடங்கு கூடுதல் டீசல் போயிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு சான் ட்ரோபே போயே ஆக வேண்டும், கொஞ்சம் வேகமாக ஓட்டுங்கள் என்று விருந்தாளி ஒருவர் சொல்லும் ஒற்றை வாக்கியத்தின் விலை அது. சொந்தக்காரரும் இதையே சொல்வார். ஆனால் அவருடைய பில் ஆண்டு முடிவில் மேனேஜ்மென்ட் கம்பெனி வழியாக, பல பக்கங்களுக்கு நடுவில் கலந்து வரும். வாடகைக்காரர் அதை அந்த வாரமே, கேப்டன் கைப்பட எழுதிய கணக்கில் பார்க்கிறார். அதனால்தானோ என்னவோ, வாடகைக்காரர்களுக்குக் கடலின் விலை சீக்கிரம் புரிகிறது.

இப்போது இரண்டையும் அருகருகே வைப்போம். விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. கப்பலுக்குக் கப்பல் மாறும். கப்பல் விலை 2 கோடி யூரோ. ஆண்டுச் செலவு பத்தில் ஒன்று, 20 லட்சம். தேய்மானம் 5 சதவீதம் என்றால் 10 லட்சம். அந்த 2 கோடியை வேறெங்காவது போட்டு 4 சதவீதம் வந்திருந்தால், அது ஒரு 8 லட்சம். ஆக ஆண்டுக்கு 38 லட்சம் யூரோ. முதலாளி ஆண்டில் நான்கு வாரம் வருகிறார் என்றால் வாரத்துக்கு ஒன்பதரை லட்சம் விழுகிறது. அதே நான்கு வாரத்தை வாடகைக்கு எடுத்தால் வாடகை 8 லட்சம், செலவு முன்பணம் 2 லட்சத்து 40 ஆயிரம், வரி 20 சதவீதம் என்று வைத்தால் 1 லட்சத்து 60 ஆயிரம், டிப்ஸ் 80 ஆயிரம். மொத்தம் 12 லட்சத்து 80 ஆயிரம். வாரத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். சொந்தக்காரரின் செலவும் இந்த அளவுக்கு இறங்க வேண்டுமானால் அவர் ஆண்டில் 12 வாரம் கப்பலில் இருந்தாக வேண்டும். மூன்று மாதம்! இத்தனை பெரிய யாட் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்த மனிதரிடம் எதுவும் இருக்கும், மூன்று மாத ஓய்வு மட்டும் இருக்காது.

இந்த இடத்தில் விற்பனையாளர் ஒரு யோசனையோடு வருவார். ‘நீங்கள் வராத நாட்களில் வாடகைக்கு விடுங்கள் சார், கப்பல் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்டில் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வாடகைக்குப் போனாலே நல்ல ஆண்டு என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள். பத்து வாரம் போனது என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 20 லட்சம். வாடகைக்காரரைக் கொண்டுவந்த தரகருக்கும் கப்பல் தரப்புத் தரகருக்கும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு போனால் மிச்சம் 16 லட்சம். முப்பத்தெட்டிலிருந்து பதினாறைக் கழித்தால் 22 லட்சம். இத்தனையும் செய்த பிறகு, முதலாளியின் நான்கு வாரத்துக்கு வாடகைக்காரரைவிட அவருக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் கூடுதல் செலவு. வாடகை வாரங்களில் சோபா கிழிவது, தேக்குத் தளத்தில் ஒயின் கொட்டுவது எல்லாம் இதில் சேரவில்லை. வாடகைக்குக் கிராக்கி இருப்பது ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் வாரங்களில். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் அதே வாரங்கள். முதலாளி வர நினைப்பதும் அப்போதுதான்.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் ஒரு விஷயம் இருக்கிறது. வாடகைக்கு விடுவதற்காக வணிகப் பதிவு செய்த யாட் பெரும்பாலும் கேமன் தீவுகளிலோ மால்டாவிலோ பதிவான ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனிக்கு அது ஒன்றுதான் சொத்து. வரிச் சலுகையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால், ஐரோப்பியக் கடலில் முதலாளி தன் யாட்டில் ஏறும்போது தன் கம்பெனியோடு வாடகை ஒப்பந்தம் எழுதி, வரியும் கட்டிவிட்டு ஏற வேண்டியிருக்கும். சொந்தக் கட்டிலில் படுக்க அவரும் வாடகைக்காரர் ஆகிறார்.

அரச குடும்பமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. பிரிட்டனின் ராயல் யாட் பிரிட்டானியா 1953-இல் கடலில் இறங்கியது. பத்து லட்சம் மைலுக்கு மேல் ஓடியது. 1994-இல் பழுதுபார்க்கக் கணக்குப் போட்டபோது, 1 கோடியே 70 லட்சம் பவுன் செலவழித்தால் இன்னும் ஐந்தே ஆண்டுதான் ஓடும் என்று வந்தது. புதிதாகக் கட்டும் பேச்சு ஓர் அரசில் எழுந்து அடுத்த அரசில் அடங்கியது. 1997 டிசம்பரில் அரசி எலிசபெத் இறங்கியபோது மணி 3.01. இப்போது எடின்பரோ அருகே லீத் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கும் அந்தக் கப்பலின் கடிகாரங்கள் எல்லாம் அந்த நேரத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. பிறகு அரசி என்ன செய்தார் தெரியுமா? 2006-இல் தன் எண்பதாவது பிறந்தநாள் ஆண்டில் குடும்பத்தோடு ஸ்காட்லாந்துத் தீவுகளைச் சுற்ற ஹெப்ரிடியன் பிரின்சஸ் என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தார். அது 1964-இல் கார்களை ஏற்றிச் செல்லும் ஃபெரியாக ஓட ஆரம்பித்த கப்பல். பிடித்துப்போயிருக்க வேண்டும், 2010-இலும் அதையே எடுத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட ஊழியரோடு ஓடிய பிரிட்டானியா எங்கே, ஃபெரியாக இருந்த இந்தச் சின்னக் கப்பல் எங்கே! ஆனால் பயணம் முடிந்து இறங்கிய மறுநாள் அவருக்கு அந்தக் கப்பலைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை.

சொந்த யாட் இருந்தும் வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு. நடிகர்கள் ரிச்சர்ட் பர்ட்டனும் எலிசபெத் டெய்லரும் 1967-இல் கலிஸ்மா என்ற யாட்டை வாங்கினார்கள். 1906-இல் கட்டிய பழைய கப்பல். அடுத்த ஆண்டு அவர்களுக்கு லண்டனில் படப்பிடிப்பு. நாய்களைக் கரையிறக்கினால் பிரிட்டிஷ் சட்டப்படி மாதக்கணக்கில் தனிமைப்படுத்தி வைக்க வேண்டும். யாட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் கலிஸ்மா பட்டறையில் இருந்தது. நாய்களுக்காகவே வேறொரு யாட்டை வாடகைக்கு எடுத்துத் தேம்ஸ் நதியில் நிறுத்தினார்கள். கப்பல் வைத்திருக்கும் எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. தேவைப்படும் நேரத்தில் அது பட்டறையில்தான் இருக்கும்.

இத்தனை கணக்கையும் கேட்டுவிட்டு வாங்குகிறவர்கள் எல்லாம் புத்தியில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வாங்குகிறவருக்குக் கிடைப்பது வாரக் கூலிக்குக் கிடைக்காது. வாடகைக்காரர் எங்கே போகிறார், என்ன சாப்பிடுவார், எந்தத் தலையணை வேண்டும் என்பதையெல்லாம் வாரங்களுக்கு முன்பே படிவத்தில் எழுதித் தர வேண்டும். சனிக்கிழமை மதியம் இறங்கியே ஆக வேண்டும். அடுத்த குடும்பம் துறைமுகத்தில் பெட்டிகளோடு நிற்கும். சொந்தக்காரர் ஏறிய பிறகு எங்கே போவதென்று யோசிக்கலாம். யோசித்துவிட்டுப் போகாமலும் இருக்கலாம்.

வேறு விதமாகவும் ஒரு நியாயம் உண்டு. மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் 2003-இல் ஆக்டபஸ் என்ற 126 மீட்டர் யாட்டைக் கட்டினார். இரண்டு ஹெலிகாப்டர் தளம், ஆழ்கடல் நீர்மூழ்கி, கடலடியில் இயங்கும் ரோபோ எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கப்பலை வைத்துப் பல ஆண்டுகள் தேடி, 1944-இல் பிலிப்பைன்ஸ் கடலில் மூழ்கிய ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் முசாஷியை 2015 மார்ச்சில் அவருடைய குழு கண்டுபிடித்தது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட்டின் மணியைக் கடலடியிலிருந்து மேலே கொண்டுவந்தது. இந்த வேலைக்கு வாரக் கூலிக்கு யார் கப்பல் தருவார்கள்? எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஒன்றைத் தேடுகிறவருக்குச் சொந்தக் கப்பல்தான் வேண்டும். நான் பார்த்தவரை, வாங்கியதற்கு முழு நியாயம் செய்த யாட் இது ஒன்றுதான். ஆலன் 2018-இல் இறந்தார். 2021-இல் கப்பல் கைமாறியது. இப்போது ஆக்டபஸும் வாடகைக்கு ஓடுகிறது.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு அரசுகளே யாட் முதலாளிகளான வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்யக் கோடீஸ்வரர்கள் மீது தடைகள் வந்தன. அவற்றில் சிக்கிய ஆல்ஃபா நீரோ என்ற 80 மீட்டருக்கும் நீளமான யாட் கரீபியனில் ஆன்டிகுவா தீவின் ஃபால்மவுத் துறைமுகத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஊழியர் சம்பளமும் டீசலும் அந்தச் சின்ன நாட்டின் அரசின் தலையில் விழுந்தன. 2023-இல் ஏலம் விட்டார்கள். கூகுளின் முன்னாள் தலைமை நிர்வாகி எரிக் ஷ்மிட் 6 கோடியே 76 லட்சம் டாலருக்குக் கேட்டார். வழக்குகளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். கடைசியில் 2024-இல் 4 கோடி டாலருக்குத்தான் போனது. அமெரிக்கா ஃபிஜியில் பறிமுதல் செய்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன அமாடியா யாட்டின் கதை இன்னும் பெரியது. பராமரிப்புக்கு மட்டும் மாதம் 6 லட்சம் டாலர், இன்ஷூரன்சுக்கு மாதம் 1 லட்சத்து 44 ஆயிரம் என்று அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அந்தக் கப்பலில் யாரும் பயணம் போகவில்லை. அமெரிக்க அதிபரும் போகவில்லை.

தம்பிகளே, இனி நீங்கள் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மால்டாவில் நடந்தது இது. இந்தியன் எம்பிரஸ், 95 மீட்டர், நெதர்லாந்தில் 2000-இல் கட்டியது. 2006 முதல் விஜய் மல்லையாவின் யாட் என்று உலகம் அறிந்தது. மொனாகோ கார் பந்தயத்தின்போது அதில் நடந்த விருந்துகளைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். நான் சொன்ன கலிஸ்மாவும் ஒருகாலத்தில் அவரிடம் இருந்ததுதான். 2018 மார்ச்சில் மால்டா நீதிமன்றம் இந்தியன் எம்பிரஸைப் பிடித்து நிறுத்தியது. வழக்குப் போட்டது வங்கி அல்ல. நாற்பதுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 2017 செப்டம்பரிலிருந்து சம்பளம் வரவில்லை என்று அவர்களின் தொழிற்சங்கம் நாட்டிலஸ் போட்ட வழக்கு. பிரிட்டிஷ்காரர்கள், கிழக்கு ஐரோப்பியர்கள், இந்தியர்கள் அந்த ஊழியர்களில் இருந்தார்கள். மொத்தப் பாக்கி 10 லட்சம் டாலருக்கு அருகில். அந்த ஆண்டே கப்பலை ஏலம் விட்டார்கள். முதல் ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவில்லை. மறு ஏலத்தில் 3 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போனது.

கப்பல் சட்டத்தில் ஊழியர் சம்பளத்துக்குக் கப்பல் மீதே பற்றுரிமை உண்டு. முதலாளி எந்த நாட்டில் இருந்தாலும், கம்பெனி எந்தத் தீவில் பதிவாகியிருந்தாலும், கப்பலைப் பிடித்து விற்றுப் பாக்கியை வாங்கலாம். கடன் கொடுத்த பலருக்கும் முன்னால் மாலுமிக்கு இடம். ஆனால் ஏலம் முடிந்து பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை ஊரில் வீட்டு வாடகை யார் கட்டுவது? எம்பிரஸ் ஊழியர்களுக்கு ஏலத்துக்கு முன்பே ஒரு பகுதி, ஆறு லட்சம் டாலருக்கு மேல், கிடைத்தது. காரணம், 2006-இல் எழுதப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அதில் 2017 ஜனவரியிலிருந்து ஒரு திருத்தம் அமலுக்கு வந்தது. முதலாளி கைவிட்டால் நான்கு மாதச் சம்பளம் வரைக்கும், ஊருக்குத் திரும்பும் செலவுக்கும் இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்க வேண்டும்.

சொந்தமா வாடகையா என்ற கேள்வி உங்களைத் தொடும் இடம் இதுதான். அந்த உடன்படிக்கை வணிக வேலையில் இருக்கும் கப்பல்களுக்குத்தான். வாடகைக்கு ஓடும் யாட் அதற்குள் வரும். முதலாளி தன் குடும்பத்துக்காக மட்டும் வைத்திருக்கும் தனியார் யாட் வராது. அதே நீளம், அதே இன்ஜின், அதே பளபளப்பு, பக்கத்துப் பக்கத்துத் தூண்களில் கட்டியிருக்கும். ஒன்றில் உங்கள் பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் நிற்கிறது. இன்னொன்றில் முதலாளியின் நல்ல மனசு மட்டும் நிற்கிறது. தனியார் யாட்டில் சம்பளம் நன்றாக இருக்கும், வேலை குறைவாக இருக்கும், விருந்தாளிகள் எப்போதாவதுதான் வருவார்கள். டிப்ஸ் கிடையாது என்பதைத் தவிர எல்லாம் வசதி. நல்ல முதலாளியிடம் இருபது ஆண்டு வேலை பார்த்தவர்களும் உண்டு. நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

சேருகிற அன்றைக்கே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். கப்பல் வணிகப் பதிவா, தனியார் பதிவா? எந்தக் கொடி? வணிகப் பதிவு என்றால் அந்த இன்ஷூரன்ஸ் சான்றிதழை ஊழியர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் மெஸ் ரூம் சுவரில் இருக்கும். காலாவதித் தேதியையும் சேர்த்துப் படியுங்கள். தனியார் பதிவு என்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் கம்பெனியின் பெயர் என்ன, வேலை போனால் ஊருக்கு டிக்கெட் யார் எடுப்பார்கள், சம்பளம் எந்தத் தேதியில் எந்த வங்கியிலிருந்து வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றால் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தொழிற்சங்கத்துக்கும் கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும் அன்றைக்கே எழுதிப் போடுங்கள்.

கேள்வி நேரத்துக்குக் கால் மணி ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொல்கிறார். இன்ஜின் பற்றியும் கேட்கலாம், கணக்கு பற்றியும் கேட்கலாம்.